தோலுக்கு மட்டும் சூடு

விலைவிளக்கு சிவப்புக்கு மாறியபோது சோறு பாதிதான் வெந்திருந்தது. வாகீசன் அடுப்பை நிறுத்தி, பானையைக் கம்பளியால் சுற்றிக் கதிரையில் வைத்தான். மிச்சத்தைப் பானையின் சொந்தச் சூடே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கார்விக்கில் எல்லாக் குசினிகளிலும் இந்த விளக்கு உண்டு. மின்சாரத்தின் விலை கால் மணிக்கொரு தடவை மாறும். பச்சை என்றால் மலிவு, மஞ்சள் என்றால் யோசி, சிவப்பு என்றால் கை வைக்காதே. விறகும் எண்ணெயும் எரிக்கக்கூடாது என்று நாடு முழுவதும் தடை வந்தபின், நோர்வேயின் வடகோடியில் இருந்த அந்த மீன்பிடிப் பட்டினத்தில் ஆட்கள் விளக்கைப் பார்த்துத்தான் சமைத்தார்கள், குளித்தார்கள், உடுப்புத் தோய்த்தார்கள். வீட்டைச் சூடாக்குவதை மட்டும் அப்படிச் செய்ய முடியவில்லை. குளிர் விலை பார்த்து வருவதில்லை.

வாகீசனின் மரவீடு துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது. மேல்தளத்தில் அவனும் மனைவி தர்சிகாவும் பள்ளி முடிக்கும் வயதில் இருந்த மகள் மிதுனாவும். கீழ்த்தள அறையில் அண்ணர் சிறீகரன். அவர் முப்பது வருடம் மீன்பிடிக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர், கலியாணம் கட்டவில்லை, ஓய்வு பெற்றபின் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டுச் சுவர்களில் பழைய சூட்டுத்தட்டுகள் இருந்தன. போட்டால் சம்பளத்தைத் தின்னும், நிறுத்தினால் மூக்கு நுனி மரத்துப்போகும்.

அந்த இலையுதிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கப் புதிதாக ஏதாவது கருவி பூட்டியே ஆகவேண்டும் என்று முடிவானது. வாகீசன் ஒவ்வொன்றாக விசாரித்தான். வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளும் வெப்ப எக்கி நல்லதுதான், ஆனால் கடலுப்புக் காற்றில் அதன் வெளிப்பெட்டி அரித்துப்போவதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். தரைக்குக் கீழே கம்பி ஓட்டலாம். அதற்கு முழுத் தரையையும் உடைக்க வேண்டும். கடைசியாக மிஞ்சியது, ஊரில் பாதிப்பேர் ஏற்கெனவே பூட்டிவிட்ட உணர்வெப்பி. அதன் விலையைக் கேட்டவுடனேயே வாகீசனுக்கு அது பிடிக்காமல் போய்விட்டது. அவ்வளவு மலிவு.

அவன் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பவன். எரிந்துபோன படகு தானாக எரிந்ததா, வழுக்கி விழுந்தவர் உண்மையிலேயே வழுக்கினாரா என்று பார்ப்பது வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதன் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிவைத்துவிட முடியுமா? பால் பெட்டியின் மூடியைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பான்.

விற்பனைக்கு வந்தவன் ரொஷாந், தர்சிகாவின் சிநேகிதியின் தம்பி. கைக்கு அடக்கமான ஒரு வெள்ளைத் தட்டை எடுத்து மேசையில் வைத்தான்.

"அண்ணா, நீங்கள் இவ்வளவு நாளும் சூடாக்கினது என்னத்தை? காத்தை. சுவரை. கூரையை. உதுகளுக்குக் குளிருதோ? மனுசருக்குத்தானே குளிருது."

"அப்ப உது மனுசரைச் சூடாக்குமோ?"

"ஓம். நுண்துடிப்பு எண்டு சொல்லுறது. கண்ணுக்குத் தெரியாது, சத்தம் இல்லை. அறைக்கு ஒண்டு பூட்டினால் காணும்."

"எவ்வளவு கரண்ட் இழுக்கும்?"

"ஒரு பல்ப் அளவுதான்."

வாகீசன் கதிரையில் சாய்ந்துகொண்டான். "ஒரு பல்ப் அளவு கரண்டிலை ஒரு அறை சூடாகாது, தம்பி. சூடு சும்மா வராது. எங்கையோ இருந்துதான் எடுக்க வேணும். உது எங்கையிருந்து எடுக்குது?"

"அதுதானண்ணா கண்டுபிடிப்பே," என்றான் ரொஷாந். அவனுக்கும் அதற்குமேல் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

ஒப்பந்தத்தை வாகீசன் இரண்டு தடவை வாசித்தான். 'உணர்சூடு இருபத்துமூன்று பாகைக்கு உத்தரவாதம்' என்றிருந்தது. அந்தச் சொல்லில் விரலை வைத்தான். "இதென்ன, உணர்சூடு? சூடு எண்டு போட்டால் காணாதோ?"

"எல்லாரும் இப்ப உப்பிடித்தான் அளக்கிறவை. வானிலைச் செய்தியிலையும் சொல்லுறவைதானே, வெளியிலை மைனஸ் பத்து, காத்துக்கு மைனஸ் இருபது மாதிரி இருக்கும் எண்டு. உடம்புக்கு எப்பிடி இருக்கு எண்டதுதானே முக்கியம்?"

இதற்குப் பதில் சொல்ல வாகீசன் வாயைத் திறப்பதற்குள் தர்சிகா கையெழுத்து வைக்கும் பேனாவை அவன் முன்னால் தள்ளினாள். "போன வருசம் முழுக்க நான் ஜக்கெற்றோடை நித்திரை கொண்டனான்," என்றாள். "உங்கடை சந்தேகத்துக்கு இந்த வருசமும் என்னாலை விறைக்க ஏலாது."

தட்டுகள் பூட்டப்பட்டன. குழாய்த் தண்ணீர் உறையாதபடி பழைய சூட்டுத்தட்டுகளைக் கொஞ்சமாக எரியவிடுவதையும் உணர்வெப்பியே பார்த்துக்கொண்டது. மற்றபடி எதற்கும் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

சூரியன் எழும்பாத மாதங்கள் வந்தன. வெளியே பனி யன்னல் உயரத்துக்குக் குவிந்தது. வீட்டுக்குள் தர்சிகா பருத்திச் சட்டையோடு நடமாடினாள். மிதுனா வெறுங்காலோடு தரையில் படுத்துக்கிடந்து படித்தாள். அண்ணர் பெனியனோடு மேலே வந்து, "கொழும்பிலை இருக்கிற மாதிரிக் கிடக்கு," என்று சிரித்தார். வெளியிலிருந்து வருகிறவனுக்கு வாசலைத் தாண்டியதும் வெயிலில் நிற்பது போலிருக்கும், முதலில் கன்னத்தில், பிறகு கழுத்தில், பிறகு முதுகு முழுக்க. மின்கட்டணம் வந்தபோது, பிழையான வீட்டுக்கு வந்துவிட்டதோ என்று வாகீசன் விலாசத்தைச் சரிபார்த்தான்.

அவனால் அந்தச் சூட்டை அனுபவிக்க முடியவில்லை. இவ்வளவு மலிவாகத் தருகிறவன் வேறு எதையோ எடுக்கிறான் என்றே நினைத்தான். வீட்டுப் பேச்சைக் கேட்கிறார்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் நின்று, தான் ஒரு குதிரை வாங்கப்போவதாக உரக்கச் சொன்னான். குதிரை விளம்பரம் எதுவும் அவன் தொலைபேசிக்கு வரவில்லை. தட்டிலிருந்து தகவல் ஏதாவது வெளியே போகிறதா என்று அலுவலகத்து நண்பனைக் கொண்டு பார்த்தான். ஒன்றும் போகவில்லை. அது அவனை இன்னும் கலங்கடித்தது. களவே இல்லாத இடத்தில் களவைப் பிடிப்பது எப்படி?

பிறகு சாப்பாடு குறையத் தொடங்கியது.

ஏழு நாளைக்கு என்று வாங்கிய கோதுமைப் பாண் இரண்டு மூன்று நாளில் முடிந்தது. முட்டைப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. மத்தியானம் ஆக்கிய இறைச்சிக்கறி பின்னேரம் வழித்த சட்டியாக இருந்தது. வாகீசனுக்கும் பசித்தது, உண்மைதான். அலுவலகத்தில் இரண்டாம் தடவையும் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய்வந்தான். அதைக் குளிர்காலத்துப் பசி என்று நினைத்துக்கொண்டான். ஆனால் யாரும் உடம்பு வைக்கவில்லை. தர்சிகா பழைய உடுப்புகளை எல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கலியாணத்துக்கு அடுத்த வருடம் தைத்த சட்டை இடுப்பில் சரியாக இறங்கியது. கண்ணாடி முன்னால் அவள் பக்கவாட்டில் திரும்பி நின்ற அழகைப் பார்த்து வாகீசனே ஒருகணம் சந்தேகத்தை மறந்தான்.

அடுத்த கணம், இவ்வளவு சாப்பாடும் எங்கே போகிறது என்று அவனுக்குத் தோன்றியது. மெலிந்துகொண்டு போகிற மனைவி சாப்பிட்டிருக்க மாட்டாள். மகள் எப்போதும் கொஞ்சமாகக் கொறிப்பவள். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் ஒரே ஒருவர். அவர் சமையல்காரர்.

அவன் பார்க்கத் தொடங்கினான். அண்ணர் குசினிக்குள் போகும்போது ஏதாவது சாட்டுச் சொல்லிப் பின்னால் போனான். பாணில் வெட்டு எங்கே நிற்கிறது என்று கவனித்தான். ஒருநாள் வேலையிலிருந்து நேரத்தோடு வந்தபோது, அண்ணர் மேசையில் தனியாக இருந்து, ஒரு கோப்பை சோற்றைப் பழைய மீன்குழம்போடு அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து அதிக நேரம் ஆகியிருக்காது.

"அண்ணை," என்றான் வாகீசன். குரலை இயல்பாக வைத்துக்கொள்ளத்தான் முயன்றான். "சாப்பிடுறதை நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா வீட்டிலை நாலு பேர் இருக்கிறம். ஒருக்கா யோசிச்சுச் சாப்பிட்டால் நல்லம்."

சிறீகரனின் கை கோப்பைக்கு மேல் அப்படியே நின்றது. கப்பலில் நாற்பது பேருக்கு ஆக்கிப்போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிட்டுப் பழகிய மனிதர்.

"எனக்கே வெக்கமாக் கிடக்குத் தம்பி," என்றார் கடைசியில். "என்னெண்டு தெரியேல்லை, பசிச்சுக்கொண்டே இருக்கு. சரி. நான் குறைக்கிறன்."

குறைத்தார். அன்றிலிருந்து அவர் கோப்பையில் ஒரு கரண்டிச் சோற்றுக்கு மேல் யாரும் காணவில்லை. மேலே வருவதையும் குறைத்துக்கொண்டார். மிதுனா, "பெரியப்பா ஏன் எப்ப பார்த்தாலும் படுத்துக்கொண்டே இருக்கிறார்?" என்று கேட்டாள். ரோசம் என்று வாகீசன் நினைத்தான். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டான். பாண் அப்போதும் இரண்டு மூன்று நாளில்தான் முடிந்தது. அந்தக் கணக்கு உதைப்பதை அவன் கவனித்தான். ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க வாய் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை குளித்துவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனான். தேங்காயெண்ணெய் போத்தலில் மெழுகு போல உறைந்திருந்தது. கவிழ்த்தான், தட்டினான், ஒரு துளி இறங்கவில்லை. அவனுடைய நெற்றியிலோ வியர்வை. இந்தச் சூட்டில் எண்ணெய் எப்படி உறையும்? கலப்படம்தான். கொழுப்பு எதையோ கலந்து விற்கிறார்கள். போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு, பட்டினத்தின் ஒரே தமிழ்க்கடைக்குச் சண்டை பிடிக்கப் போனான்.

கடைக்காரர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நல்ல எண்ணெய் உப்பிடித்தான் உறையும். குளிருக்கை வைச்சால் இறுகும், சூட்டுக்கை இளகும். பிரிட்ஜுக்கையோ வைச்சனீங்கள்?"

"குளியலறையிலை. வீடு இருபத்துமூண்டு பாகை."

"அப்ப இப்பிடிக் கல்லு மாதிரி இறுகாதே," என்று கடைக்காரர் போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு அது சின்ன விசயம். அடுத்த ஆளுக்குக் கருவேப்பிலை நிறுக்கத் தொடங்கிவிட்டார்.

வாகனத்தில் ஏறி, சூடான காற்று வருகிற துவாரத்துக்கு முன்னால் போத்தலைச் செருகினான். வீட்டு வாசலுக்கு வந்தபோது எண்ணெய் தண்ணீராகத் தளும்பியது. அப்படியானால் எண்ணெயில் பிழை இல்லை. அவன் வாகனத்தை நிறுத்தினான். பிறகு உள்ளே போய்ப் பழைய பொம்மைப் பெட்டியைக் கிளறினான். மிதுனா குழந்தையாக இருந்தபோது குளிக்கும் தண்ணீரில் மிதக்கவிட்ட மீன் ஒன்று அதில் கிடந்தது. வயிற்றில் வெப்பமானி பதித்த, எந்த இணைப்பும் இல்லாத வெறும் பிளாஸ்டிக் மீன். அதை வரவேற்பறை மேசையில் வைத்தான். ஜக்கெற்றைக் கழற்றினான். முதுகில் வெயில் அடித்தது. சுவர்த்தட்டு இருபத்துமூன்று என்றது.

மீன் பதின்மூன்று என்றது.

அதைக் கையால் தேய்த்தான், ஊதினான், திரும்ப வைத்தான். பதின்மூன்று. தட்டு எந்தச் சூட்டையும் எங்கேயிருந்தும் எடுக்கவில்லை. அது சூட்டைத் தரவே இல்லை. தோலுக்குள் இருக்கும் நரம்புகளைத் தொட்டு, 'சூடாயிருக்கிறது' என்று சொல்லவைக்கிறது. ஒரு பல்ப் அளவு மின்சாரம் அதற்குப் போதும்.

தன் சந்தேகம் வென்றுவிட்ட குதூகலம் அவனைத் தூக்கியது. முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றிய ஆள் அண்ணர்தான். அவரோடு பேசத் தொடங்க ஒரு சாட்டும் கிடைத்தது. மீனைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினான்.

"அண்ணை, இதைப் பாருங்கோ."

சிறீகரன் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். போர்வை நிலத்தில் கிடந்தது. பெனியனையும் கழற்றியிருந்தார். முகம் அமைதியாக, கொஞ்சம் சிரித்தபடி இருந்தது. "வெக்கையடா," என்றார். நாக்கு குழறியது. "யன்னலைத் திற... கப்பல் இப்ப எங்கை நிக்குது?"

வாகீசன் அவர் கையைப் பிடித்தான். பிடித்த கையை உதறிவிட்டான். பனிக்கட்டிக்குள்ளிருந்து எடுத்த மீனைத் தொட்டது போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் வெளியே வந்து, அண்ணரை எந்த இடத்தில் கண்டெடுத்தீர்கள் என்று கேட்டார். துறைமுகத்திலா, சாலையோரத்திலா, எவ்வளவு நேரம் பனியில் கிடந்தார்?

"கட்டிலில் கிடந்தார்," என்றான் வாகீசன். "வீட்டில்."

மருத்துவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கமானது. கோரிக்கை கொண்டு வருகிறவர்களை அவன் அப்படித்தான் பார்ப்பான்.

உடம்பின் உட்சூடு முப்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். அவன் சொன்ன தட்டுகளைப் பற்றி விசாரித்துவிட்டு, மறுநாள் மருத்துவர் அவனை உட்காரவைத்து விளக்கினார். அவர் பார்க்கும் முதல் ஆள் இவர் இல்லை. ஆனால் முந்தியவர்கள் தனியாக வாழ்ந்த முதியவர்கள், வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல யாரும் இருக்கவில்லை. தோலை ஏமாற்றலாம், உடம்பின் உள்ளே ஏமாறாது என்றார். தோல் சூடென்று நம்புவதால் நடுங்காது, போர்த்திக்கொள்ளத் தோன்றாது, இரத்தம் தோலின் மேற்பரப்புக்கு வந்து சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் உடம்பு அந்த நட்டத்தைச் சாப்பாட்டை எரித்து ஈடுசெய்யும். இளைஞர்களுக்குப் பசி கூடும், மெலிவார்கள், அவ்வளவுதான். அனுமதி கொடுத்தவர்கள் திடகாத்திரமானவர்களை வைத்துத்தான் சோதித்தார்கள்.

"உங்கள் அண்ணா போதியளவு சாப்பிடவில்லை போலிருக்கிறது," என்றார் மருத்துவர். "அவருக்கு இருந்த ஒரே அடுப்பு அந்தச் சாப்பாடுதான். ஏன் குறைத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

வாகீசன் தரையைப் பார்த்தான். "தெரியும்," என்றான்.

அண்ணருக்குப் பக்கத்தில் போய் இருந்தபோது எதையெதையோ சொல்ல வந்தான். சிறீகரன் கண்ணைத் திறந்து, "நீ சாப்பிட்டியோ?" என்றார்.

வீட்டுக்கு வந்து தட்டுகள் எல்லாவற்றையும் கழற்றினான். செய்தியாளர் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஊர் கொதிக்கும், நாடு கொதிக்கும் என்று எதிர்பார்த்தான். செய்தி வெளிவந்தது. உணர்வெப்பி நிறுவனம் மறுக்கவில்லை. 'நாங்கள் சூட்டை விற்கவில்லை, உணர்சூட்டை விற்கிறோம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது' என்றது. அறுபது தாண்டியவர்கள் ஒருவேளை கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று ஓர் அறிவுறுத்தலை ஒட்டியது. சாப்பிட்டும் மெலியலாம் என்பது அப்போதுதான் நாட்டுக்குத் தெரியவந்தது. அடுத்த மாதம் உணர்வெப்பிக்குக் காத்திருப்போர் வரிசை நீண்டது. ஏற்கெனவே சூடான நாடுகளிலிருந்துகூடக் கேட்டார்களாம்.

கழற்றியதைத் திரும்பப் பூட்டலாமே என்று தர்சிகாவே அவனிடம் கேட்டாள். கம்பளிச்சட்டைக்கு மேல் ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு குசினியில் நின்றாள். பழைய சூட்டுத்தட்டுகளைப் பதினெட்டுப் பாகைக்கு மேல் எரிக்க வசதி இல்லை.

"கரண்டுக்குக் குடுக்கிற காசுக்குச் சோறு தின்னுறம். உதிலை என்ன பிழை? ரெண்டும் எரியிறதுதானே?"

"நாங்கள்தான் விறகு, தர்சி. உமக்கு விளங்கேல்லையோ? வீட்டை எங்கடை உடம்பாலை சூடாக்கிக்கொண்டு இருந்திருக்கிறம்."

"விளங்குது. அண்ணையைக் கவனமாப் பாத்துச் சாப்பாடு குடுத்திருந்தால் ஒண்டும் நடந்திராது. அவருக்குக் குறையெண்டு சொன்னது மிஷின் இல்லை."

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

பதினெட்டு என்பது மோசமான சூடு அல்ல. மீன் பொய் சொல்லவில்லை. ஆனால் பொய்ச்சூட்டுக்குப் பழகிய தோலுக்கு மெய்ச்சூடு பத்தவில்லை. மிதுனா பள்ளி முடிந்ததும் சிநேகிதி வீட்டுக்குப் போய்விடுவாள். சாப்பாட்டு மேசையில் பேச்சுக் குறைந்தது, பசியும் குறைந்தது. வாகீசன் தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்துக்கு ஆளானான். அலுவலகத்தில் சூடாக உணர்ந்தால், அங்கேயும் பூட்டிவிட்டார்களோ என்று சுவர்களைத் தேடினான். வெயில் திரும்பி வந்த முதல் நாள், ஊர் முழுக்கத் தெருவில் நின்று முகத்தைக் காட்டியபோது, கன்னத்தில் விழுந்த அந்தச் சின்ன இளஞ்சூட்டைக்கூட அவனால் நம்ப முடியவில்லை.

வீடு திரும்பிய அண்ணர் இரண்டு போர்வைகளுக்குள் சுருண்டு இருந்தார். "டொக்டர் சொல்லுறா, இப்ப என்ரை உடம்பு நல்ல சூடாம். எனக்கெண்டால் எலும்புக்குள்ளை குளிருது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, குறை நினையாதை. சாகக் கிடந்த அண்டைக்கு நான் நல்ல சுகமா இருந்தனான்."

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் வாகீசன் வேலையால் வந்தபோது கீழறை வெறுமையாக இருந்தது. தர்சிகாவுக்குத் தெரியவில்லை. தொலைபேசி கட்டிலில் கிடந்தது. சறுக்குகிற தெருவில் அவன் ஓட்டமும் நடையுமாக இறங்கினான். துறைமுகத்தில் பார்த்தான், கடையில் விசாரித்தான். "சங்கத்து மண்டபத்திலை இருப்பார், பின்னேரத்திலை உங்கைதான் எல்லாரும்," என்றார் கடைக்காரர்.

தமிழ்ச் சங்கத்தின் மண்டபம் ஒரு பழைய மீன் களஞ்சியம். உயர்ந்த கூரை, இடுக்கு விழுந்த பலகைச் சுவர். அதை யாராலும் எந்தக் காலத்திலும் சூடாக்க முடிந்ததில்லை, குளிர்காலத்தில் பூட்டிக்கிடக்கும். வாகீசன் கதவைத் தள்ளினான்.

உள்ளே வெளிச்சமாக இருந்தது. ஏழெட்டுக் கிழவர்கள் அரைக்கைச் சட்டையோடு ஒரு மேசையைச் சுற்றியிருந்து முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விசிறிக்கொண்டார். யாரோ துரும்புச் சீட்டால் வெட்டிவிட, எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். சிரித்தபோது ஒவ்வொரு வாயிலிருந்தும் வெள்ளையாகப் புகை எழும்பி விளக்கைச் சுற்றியது. நடுவில் ஒரு தாம்பாளம் நிறைய மீன் ரோல்ஸ். சிறீகரன் ஒரு கையில் சீட்டும் மறுகையில் கடித்த ரோல்ஸுமாக இருந்தார்.

"தம்பி, கதவைச் சாத்து. குளிர் வருது," என்றார்.

அவரை இழுத்துக்கொண்டு போகத்தான் வாகீசன் வந்தான். சொல்ல வேண்டியதையும் வழியில் தயாராக்கியிருந்தான். கதவைச் சாத்திவிட்டு மேசையை நோக்கி நடந்தான். நாலு அடி வைத்ததும் அது வந்தது. முதலில் கன்னத்தில், பிறகு கழுத்தில், பிறகு முதுகு முழுக்க. மாதக்கணக்காக இறுகியிருந்த தோள்கள் தாமாக இறங்கின.

"சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறன், பயப்பிடாதை," என்றார் அண்ணர். "இவையள் என்னை விடுறேல்லை. அரை மணிக்கொருக்காத் தாம்பாளத்தை நீட்டுறாங்கள்."

"அண்ணை, இஞ்சை எவ்வளவு குளிர் எண்டு தெரியுமோ?" என்றான் வாகீசன். அவன் வாயிலிருந்தும் புகை வந்தது.

"தெரியும்," என்றார் சிறீகரன். "எல்லாருக்கும் தெரியும். இரு, ஒரு கை குறையுது."

யாரோ ஒரு கதிரையைப் பின்னால் தள்ளிக் கொடுத்தார்கள். சீட்டுக் கலைக்கும் சத்தம் கேட்டது. வாகீசன் தன் மூச்சு வெளியே வந்து வெள்ளையாகக் கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கை ஜக்கெற்றின் இழுபூட்டைத் தேடியது. கழற்றிக் கதிரை முதுகில் போட்டான். கொஞ்சம் பொறுத்து, கம்பளிச்சட்டையையும்.

அண்ணர் தாம்பாளத்தை அவன் பக்கம் நகர்த்தினார். இரண்டாவது ஆட்டம் முடியுமுன் அவனுக்கு நல்ல பசி எடுத்தது.